முதலில் அது மூச்சு விடட்டும்

ஜூலை 7, திங்கள்

முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு சின்னது, நான் சின்னவனில்லை. காலை மடக்கினால் முட்டி இடிக்கிறது. நீட்டினால் முன்னால் இருக்கிற பட்டுராஜ் திரும்பி முறைக்கிறான். முறைக்கட்டும்.

தினமும் கொஞ்சம் எழுதுங்கள் என்று பயிற்சி கொடுக்கிற மேடம் சொல்லியிருக்கிறார். பாடத்தை அல்ல. டீ குடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாரிடம் என்ன கற்றுக்கொண்டோம் என்பதை எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். யாரும் பார்க்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்குத்தானுங்க" என்றார். பெயர் கோகிலவாணி, ஈரோட்டுக்காரர். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார் போலிருக்கிறது.

சரி, எனக்காகவே எழுதுகிறேன். நான் ராயப்பன். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். சாலையை அகலமாக்கினார்கள், பட்டறை போயிற்று. ஒட்டப்பிடாரம் போகிற வழியில் ஒரு கம்பெனி, காற்றாலை மின்சாரத்தை வைத்து ஹைட்ரஜன் வாயு தயாரிக்கிறது. பக்கத்திலேயே பயிற்சி நிலையம். பயிற்சியில் தேறினால் அங்கேயே வேலை. மனு போட்டது என் மனைவி பிரகாசி. என்னைக் கேட்காமலே போட்டாள். அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஜூலை 8

எழுத ஒன்றுமில்லை. மத்தியானம் புளிசாதம். துவையல் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

இந்தத் தொழில் என்னவென்று இன்றைக்குத்தான் பிடிபட்டது. ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். காற்றாலை எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றும். அவ்வளவு மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ள வழியில்லாமல் சிலதை நிறுத்தி வைப்பார்களாம். ஐப்பசியில் காற்று படுத்துவிடும், அப்போது மின்சாரத்துக்குத் தவிப்பு. ஆகவே மிஞ்சுகிற மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரைப் பிரித்து, வருகிற ஹைட்ரஜனை அழுத்திச் சேர்த்து வைக்கிறார்கள். வேண்டும்போது அது எரிபொருள்.

பிரகாசி இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எதையும் மீன் கணக்கில்தான் யோசிப்பாள். "அப்ப காத்தக் கருவாடு போடுதீங்க" என்றாள். இதை வகுப்பில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை என்று பலகையிலேயே எழுதிவிட்டார். பிரகாசியிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

மத்தியானம் மேடம் கையில் விளக்குமாற்றோடு வந்தார். பிச்சையா அண்ணன், அனல் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர், எங்களில் மூத்தவர், வீட்டில் வாங்குவது போதாதா என்று முணுமுணுத்தார். விஷயம் வேறு. ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ தெரியாதாம். புகை கிடையாது, வாசனை கிடையாது. தெரியாத தீக்குள் நேராகக் கையை விட்டுவிடலாம். அதைப் பார்க்கத் தனிக் கேமரா இருக்கிறது. கேமரா இல்லாத நேரத்தில் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும், தீ இருந்தால் குச்சி நுனி பற்றிக்கொள்ளும். கையில் விளக்குமாற்றோடு இத்தனை ஆம்பளைகள் வரிசையாக நடந்ததை வெளியே நின்ற லாரிக்காரர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

ஜூலை 16, புதன்

பட்டுராஜ் டிப்ளமோ படித்தவன். எழுத்துப் பரீட்சை எது வைத்தாலும் அவன்தான் முதல். இன்றைக்குக் காலி சிலிண்டர் ஒன்றில் ரெகுலேட்டர் நட்டை வலது பக்கமாகத் திருகு திருகு என்று திருகி வேர்த்துப் போய் நின்றான். மரை பிடிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் போய், எரிகிற வாயு எல்லாவற்றுக்கும் இடது மரை, நட்டில் வெட்டுப் போட்டிருப்பது அதற்கான அடையாளம் என்று காட்டினேன். இடது பக்கம் திருப்பியதும் வெண்ணெய் மாதிரி ஏறியது.

டீக் கொட்டகையில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வால்வைத் திறக்கிற சாவியை எப்படிப் பிடிக்க வேண்டும், மரையில் எண்ணெய் ஏன் படக்கூடாது, ஆளுக்கு ஒரு கேள்வி. யாரோ மாஸ்டர் என்றார்கள். கிண்டலாகத்தான் சொன்னார்கள். பட்டறை போன பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டாவது டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 18

சந்தனமாரி பற்றி எழுத வேண்டும். எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் ஊர். எலக்ட்ரீஷியன். காற்றாலைக்குள் ஏணியில் ஏறி உச்சியில் வேலை பார்த்தவள். ஏழாவது படிக்கிற மகள் இருக்கிறாள். புருஷன் கதையை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு வோல்ட், ஆம்பியர் எதுவும் மண்டையில் ஏறாது. அவள் டீ கிளாஸையும் தண்ணீர்க் குழாயையும் வைத்தே புரியவைத்துவிட்டாள். பதிலுக்கு நான் அவளுக்குச் சிலிண்டர் வேலை காட்டுகிறேன். கொடுக்கல் வாங்கல் சரியாய்ப் போயிற்று.

ஜூலை 21, திங்கள்

கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடந்தது. அதை வைத்து இன்றைக்கு ரெகுலேட்டர் மாட்டக் காட்டினேன்.

மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டர் வாயில் தூசி இருக்கும், மணல் இருக்கும். எங்கள் ஊர்க் காற்றுக்கு எதில்தான் மணல் இல்லை. அப்படியே மாட்டினால் மணல் ரெகுலேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாவியை இம்மியளவு திறந்து உடனே மூட வேண்டும். புஸ்ஸென்று ஒரு மூச்சு வரும், தூசி எல்லாம் வெளியே போய்விடும். "முதல்ல அது மூச்சு விடட்டும், பொறவு மாட்டுங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். நான் தொழில் பழகின நாளில் இருந்து கை செய்கிற வேலை.

எல்லோரும் ஒவ்வொருவராகச் செய்து பார்த்தார்கள். சந்தனமாரிதான் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டு அசைவு அவளுக்கு வந்த மாதிரி வேறு யாருக்கும் வரவில்லை.

மேடம் தூரத்தில் டீ கிளாஸோடு நின்று பார்த்தார். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் இங்கே இவ்வளவு கேட்கிறார்களே, நல்லது என்றார். இப்படி நடக்க வேண்டும் என்றுதான் டீ நேரத்தை நீட்டி வைத்தாராம். என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 24

எழுத்துப் பரீட்சை. கடைசிக்கு முந்தின இடம். கடைசி பிச்சையா அண்ணன். இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

ஜூலை 29, செவ்வாய்

சந்தனமாரிக்குக் கையில் தீக்காயம். வலது கை, மணிக்கட்டு தாண்டி.

திறந்த ஷெட்டில் இன்றைக்கு முதல்முறையாகச் சிவப்பு சிலிண்டர், நிஜ ஹைட்ரஜன். இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். மேடம் அந்தப் பக்கக் கூட்டத்தோடு இருந்தார். எங்கள் பக்கம் சந்தனமாரி முதல் ஆளாகப் போனாள். புஸ் சத்தம் கேட்டது. உடனே அவள் கத்திக்கொண்டு பின்னால் விழுந்தாள். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெயிலில் சிலிண்டர் அதுபாட்டுக்கு நின்றது. வாயு வேகமாக அடித்துப் பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன், தூக்கிவிடப் போனேன்.

பிச்சையா அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து நீட்டினார். ஒன்றுமில்லாத இடத்தில் குச்சி குபுக்கென்று பற்றியது. தீ எந்தப் பக்கம் நீள்கிறது என்று அவர் விளக்குமாற்றால் காட்டக் காட்ட, நான் பின்பக்கமாகப் போய்ச் சாவியைப் பிடித்து மூடினேன்.

மேடம் ஓடி வந்தார். கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஜீப்பில் ஏற்றினார்கள். என் சட்டைக் கையும் கருகியிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 30

பாதுகாப்பு அதிகாரி வரதன் சார் வந்தார். ரெகுலேட்டர் மாட்டும் முன் வால்வில் கை வைக்கக்கூடாது என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, எந்தச் சிலிண்டருக்கும் அதுதான் விதி. வகுப்பில் மேடம் வாசித்தும் காட்டியிருக்கிறார். ஹைட்ரஜன் அந்த வேகத்தில் வெளியே வந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டியதில்லையாம். அப்படியிருக்க அந்த அம்மாள் ஏன் திறந்தார் என்று கேட்டார். எல்லோரும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். உயிரைப் பொருட்படுத்தாமல் வால்வை மூடியதற்காகக் கம்பெனி சார்பில் பாராட்டு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிச்சையா அண்ணன் தட்டவில்லை, அவர் விளக்குமாறு இல்லாமல் நான் எங்கே மூடியிருப்பேன், அதனால் கோபமாக இருக்கும்.

மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

பிரகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். நான் போகவில்லை, பயிற்சி இருந்தது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், அந்தப் புள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று.

டீ நேரத்தில் நிறையப் பேர் நிறைய விஷயம் பேசுவார்கள் என்றேன்.

"அவ சொல்லல. ஆஸ்பத்திரியில வெச்சு அந்த ஆபீசர் கேட்டதுக்கு நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டா. ஆனா சோறு ஊட்டையில என்னப் பாத்த பார்வை எனக்குத் தெரியாதா?"

சாப்பிடப் பிடிக்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் நேராக வரதன் சாரிடம் போய், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொன்னேன். ஆக்சிஜன் சிலிண்டரில் காட்டினேன், பட்டறைப் பழக்கம், ஹைட்ரஜனுக்கு ஆகாது என்று எனக்கே தெரியாது என்றேன். தைரியமாகத்தான் போனேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. உட்காரச் சொன்னார். நீங்கள் பயிற்றுநரா என்று கேட்டார். இல்லை. டீக் கொட்டகை பயிற்சிக் கூடமா? இல்லை. அப்படியானால் அது பயிற்சி இல்லை, வெறும் பேச்சு. பேச்சைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மீறினால் அது மீறினவர் தப்பு. சந்தனமாரியை நீக்க முடிவாகிவிட்டது. "உங்க நல்ல மனசு புரியுது ராயப்பன். போய் வகுப்புல உட்காருங்க" என்றார்.

இரண்டு வாரமாக நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை ஒரே வார்த்தையில் பேச்சு என்று துடைத்துப் போட்டுவிட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. எதற்கு என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சந்தனமாரியைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். விரல் அசையும், ஆனால் நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம்.

என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு அவளே மாற்றிச் சொன்னாள்.

"கோவந்தான் அண்ணாச்சி. ஏன் இல்லன்னு சொல்லணும்? புஸ்தகத்துல செய்யாதன்னு போட்டிருந்துச்சு. நீங்க செய்யின்னீங்க. நான் உங்களத்தான் நம்புனேன். காத்தாடி மேல ஏறையில புஸ்தகமா கயித்தப் புடிச்சுச்சு? கூட வேல பாத்த ஆளுதான் புடிச்சாவ. அப்படித்தான் எனக்குப் பழக்கம்."

வரதன் சாரிடம் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை என்றேன். தெரியும், மேடம் போனில் சொன்னார் என்றாள். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்களையும் அனுப்புவாவ. ரெண்டு பேரு போயி என்ன ஆவப்போவுது?"

இந்த வேலையை நம்பித்தான் மகளை விடுதியிலிருந்து திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்தாளாம். மறுபடி காற்றாலை ஏற இந்தக் கை ஆகாது. நீக்கம் உறுதியானால் அவளுக்கு வேறு வழி கிடையாது. நான் வாங்கிப் போன ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆப்பிளை எப்படி ஒரு கையால் நறுக்குவாள் என்று பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. ஊரே கோயிலில் இருந்தது. பிரகாசி நீண்ட நேரம் முழங்காலில் இருந்தாள். நான் தூணில் சாய்ந்து நின்றேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, உங்களுக்குப் புத்தி என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைக்கு மேடத்திடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பாவம், அவரும் வரதன் சாரிடம் போராடிவிட்டுத்தான் வந்திருந்தார். விபத்துக்குப் பிறகு அந்த விதியை மறுபடி எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். விதி தெளிவாக இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், ஒருத்தர் மட்டும் மீறினார் என்பதுதான் வரதன் சாரின் கட்சி.

"ஒருத்தரா? மேடம், ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சாவியக் குடுத்துப் பாருங்க. கையெழுத்துப் போட்ட அதே கை என்ன செய்யுதுன்னு தெரியும்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

மேடம் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்கு டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தவள் நானும்தானே, என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா என்றார். முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் குழாயைச் சுத்தம் செய்ய நைட்ரஜன் சிலிண்டர் மாட்டுகிற வேலை இருக்கிறது. நைட்ரஜன் தீப்பிடிக்காது, ஆபத்தில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு மாட்டச் சொல்லலாம், வரதன் சாரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். விதி எல்லாச் சிலிண்டருக்கும்தானே, செய்கிறார்களா இல்லையா என்று அவரே பார்க்கட்டும் என்றார்.

"ஆனா நீங்க யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுங்க."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 8

டீக் கொட்டகையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம். பட்டுராஜ் நைட்ரஜன் சிலிண்டர் மரை எந்தப் பக்கம் என்று கேட்டான். வலது என்று மட்டும் சொன்னேன். கூடவே ஒரு வார்த்தை, 'வால்வைத் திறக்காதேயும்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீயை ஊற்றி அதை உள்ளே தள்ளினேன்.

அவர்கள் செய்யாவிட்டால் சந்தனமாரி போய்விடுவாள். செய்தால், இத்தனை பேர் கையிலும் நான் தப்பை ஏற்றி வைத்திருக்கிறேன் என்று ஊருக்கே தெரியும். எது நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை மனதார ஆசைப்பட முடியவில்லை.

ஆகஸ்ட் 10

பிரகாசி இட்லி அவித்தாள். ஏன் இரண்டோடு எழுந்துவிட்டீர்கள் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷெட்டில் சாம்பல் நிற நைட்ரஜன் சிலிண்டர். பக்கத்தில் ரெகுலேட்டர், சாவி. வரதன் சார் நாற்காலியில். மேடம் சுவரோரம். என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள், உதவிக்கு என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

முதலில் பட்டுராஜ். செய்ய மாட்டான் என்று நினைத்தேன். புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் அவன். வந்தான், ரெகுலேட்டரைப் பார்த்தான், ஒதுங்கி நின்றான், முகத்தைத் திருப்பினான், புஸ். பிறகு சிலிண்டர் கழுத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தட்டு என்னுடையது. அதற்குக் காரணமே கிடையாது, யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நான் அப்படித் தட்டுவேன் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து ஒருவர். புஸ். இரண்டு தட்டு. அடுத்து ஒருவர். பிச்சையா அண்ணன் உள்ளே வந்ததும் வரதன் சாருக்கு வணக்கம் சொன்னார், அப்புறம் அதேதான். ஒவ்வொருவரும் கழுத்தைத் திருப்பின பக்கம்கூட என் பக்கம்தான், இடது. எனக்கு வலது காதில் கொஞ்சம் கேட்காது, அதனால் சத்தத்துக்கு அந்தக் காதைக் கொடுத்து இடது பக்கம் திருப்புவேன். அவர்களுக்கு எல்லாம் காது நன்றாகத்தான் கேட்கிறது.

முதலில் வரதன் சார் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

எல்லோரும் முடிந்தபோது மேடம் என்னைப் பார்த்து, நீங்களும் ஒரு தடவை மாட்டுங்க அண்ணாச்சி என்றார். நான் சிரித்தேன். எல்லாம் தெரிந்த ஆள் நான். இந்த ஏற்பாட்டையே சொன்னவன் நான். ஹைட்ரஜன் சந்தனமாரி கையை என்ன செய்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். போனேன். வெளியே காற்று பலமாக அடித்தது, ஷெட்டின் தகரம் படபடத்தது. நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தேன். புஸ்.

சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். சாவி என் கையில் இருந்தது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரதன் சார் எழுந்து வந்து என் கையிலிருந்து சாவியை வாங்கி, தானே ரெகுலேட்டரை மாட்டினார்.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று பிரகாசி நினைக்கிறாள். அந்தப் புள்ளைக்காகச் செய்தீர்கள், நல்ல காரியம் என்று இரண்டாவது துண்டு மீனை என் தட்டில் வைத்தாள். நான் மறுக்கவில்லை, மீனைச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13

சந்தனமாரியின் நீக்கம் ரத்து. கை ஆறுகிறவரை உட்கார்ந்து பார்க்கலாம், தேர்வைப் பிறகு எழுதலாம்.

மற்ற எல்லோருக்கும் பயிற்சி இன்னும் இரண்டு வாரம் நீட்டிப்பு. வேலையில் சேர்வதும் அவ்வளவு தள்ளிப் போகிறது. பட்டுராஜ் கொதித்துப் போனான். நைட்ரஜன்தானே, ஹைட்ரஜன் என்றால் செய்திருக்க மாட்டோம் என்று மேடத்திடம் வாதாடினான். பிச்சையா அண்ணன்தான் அவனை உட்கார வைத்தார். "நெறத்தப் பாத்தா செஞ்ச? நான் பாக்கவே இல்லயப்பா" என்றார்.

டீக் கொட்டகையில் நான் போனதும் பேச்சு நின்றது. மாஸ்டர் என்று யாரும் கூப்பிடவில்லை. "உம்ம வித்தைக்கு ரெண்டு வாரம்வே" என்று பட்டுராஜ் சொன்னான். தனியாக நின்று குடித்தேன். டீ ஆறிப்போய் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ரெகுலேட்டர் மாட்டிப் பழகச் சொன்னார்கள். ஒருவர் மாட்ட வேண்டும், மற்றவர் பக்கத்தில் நின்று கையைக் கவனிக்க வேண்டும். என்னோடு சேர யாரும் வரவில்லை. சாவியை வைத்துக்கொண்டு சிலிண்டர் பக்கத்தில் நின்றேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

சந்தனமாரி இன்றைக்குத்தான் வந்திருந்தாள். கழுத்தில் தொட்டில் கட்டி வலது கையைத் தொங்கவிட்டிருந்தாள். வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"மாட்டுங்க" என்றாள்.

என் கை வால்வுக்குப் போயிற்று. இடது கையால் பளீரென்று ஒரு அடி கொடுத்தாள். மறுபடி மாட்டச் சொன்னாள். மறுபடி போயிற்று, மறுபடி அடி. எல்லோரும் பார்த்தார்கள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். புறங்கை சிவந்துவிட்டது. ஒரு தடவை அவள் அடிப்பதற்கு முன்னாலேயே நான் கையை இழுத்துக்கொண்டேன், அது கணக்கில்லை என்றாள். பயந்து இழுப்பது வேறாம், கை அந்தப் பக்கமே போகாமல் இருக்க வேண்டுமாம்.

டீ நேரம் வந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் போகவில்லை, நானும் போகவில்லை. மறுபடி ஆரம்பித்தோம். எத்தனையாவது தடவையோ, அவள் மகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே ரெகுலேட்டரை எடுத்தேன், வாயைத் துணியால் துடைத்தேன், மாட்டினேன், நட்டை இறுக்கினேன். வால்வைத் தொடவே இல்லை என்பது முடித்த பிறகுதான் தெரிந்தது.

அவளைப் பார்த்தேன். ஓங்கிய இடது கை அப்படியே நின்றது. மெதுவாக இறக்கினாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.